அஃறிணை என்னும் பெயரும் உயிர்களின் அடையாளமும்

தமிழிலக்கிய ஆய்வில் விலங்கும் பறவையும் மரமும் அண்மைக் காலத்தில் புதிய கவனத்தைப் பெற்றுவருகின்றன. திணைக் கோட்பாட்டைச் சூழலியல் நோக்கில் அணுகும் ஆய்வேடுகள் பெருகியுள்ளன. இவற்றுள் பல இரண்டு முடிவுகளுள் ஒன்றில் சென்று நிற்கின்றன. மனிதரல்லாத அனைத்தையும் ‘அல்லாத திணை’ என ஒரே சொல்லுள் அடக்கியதால் தமிழிலக்கணம் மனிதனையே மையமாகக் கொண்டது என்பது ஒரு முடிவு. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்ததால் தமிழர் இன்றைய உயிரியலை அன்றே கண்டுவிட்டனர் என்பது மற்றொன்று. முன்னது குற்றச்சாட்டு, பின்னது பெருமிதம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். சொற்களின் இயைபைக் காட்டும் இலக்கணப் பகுப்பையும், உயிர்களின் ஆற்றலைக் கூறும் பகுப்பையும், உயிர்களுக்கு வழங்கும் மரபுப் பெயர்களையும் ஒன்றாகக் கலந்து படிப்பதே அப்பிழை.

திணை, அறிவு, மரபு ஆகிய இம்மூன்றையும் வேறுவேறு தளங்களாகப் பிரித்து அறிந்தாலன்றி, மனிதரல்லாத உயிரின் அடையாளத்தைத் தமிழ் நூல்கள் எவ்வாறு உணர்ந்தன என்பதை விவரிக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திணை: சொல்லின் இயைபு

தொல்காப்பியக் கிளவியாக்கம் மக்கள் என்று சுட்டப்படுவதை உயர்திணை என்றும், அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் கூறித் தொடங்குகிறது. ‘உயர்’ என்னும் அடை மதிப்பீட்டைச் சுமந்தது என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆயின் ஒரு பகுப்பின் பெயரில் உள்ள மதிப்பீடு, அப்பகுப்பின் செயற்பாட்டிலும் உள்ளதா என்பது தனி வினா. கிளவியாக்கம் முழுவதையும் படிப்போர்க்கு விடை வேறாகவே தோன்றும்.

குடிமை, அடிமை, விருந்து, குழு, அரசு, மகவு, குழவி முதலிய சொற்கள் மக்களையே குறிப்பினும் அஃறிணை முடிபே கொள்ளும் என்று அவ்வியல் விதிக்கிறது. ‘அரசு வந்தது’, ‘குழவி அழுதது’ என்பன அதன்படி அமைந்த வழக்குகள். இப்பட்டியலில் ஆள்வோனும் அடிமையும் ஒருங்கே நிற்கின்றனர்; பச்சிளங் குழந்தையும் மதிப்புக்குரிய விருந்தினரும் உடன் நிற்கின்றனர். அஃறிணை முடிபு இழிவின் அடையாளமாயின் அரசுக்கும் விருந்துக்கும் அங்கு இடமில்லை. இதனை அடுத்து, காலம், உலகம், உயிர், ஞாயிறு, திங்கள் போன்ற பெயர்களும் அஃறிணை முடிபு கொள்வனவாகத் தனியே தொகுக்கப்படுகின்றன. அவை ஐயத்திற்கு இடமின்றி அஃறிணையாயின் அவற்றுக்கெனத் தனி விதி வேண்டியதில்லை. தனி விதி வேண்டப்பட்டதே, அவற்றின் இயல்பு குறித்து இலக்கணம் எளிதில் துணியவில்லை என்பதைக் காட்டும்.

தெய்வத்தின் நிலை இன்னும் நுட்பமானது. தெய்வம் மக்களினத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதற்கெனத் தனி ஈறு இன்மையால் உயர்திணை ஈறுகளையே அது பெறும் எனத் தொல்காப்பியம் கூறுகிறது. அதாவது, தெய்வம் ‘யார்’ என்பதற்கு அங்கு விடை இல்லை. தெய்வத்தைக் குறிக்கும் சொல் எவ்வாறு முடியும் என்பதற்கே விடை உண்டு.

பெயரியல் கூறும் விரவுப்பெயர்கள் இந்த எல்லையை மேலும் நெகிழ்த்துகின்றன. ‘சாத்தன்’ என்பது மனிதனுக்கும் எருதுக்கும் பொதுவான பெயராக உரைகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. ‘சாத்தன் வந்தான்’ எனின் மனிதன். ‘சாத்தன் வந்தது’ எனின் எருது. தாய், தந்தை என்னும் முறைப்பெயர்களும் இத்தகைய பொதுப்பெயர்களே. பெயர் இரு திணைக்கும் பொது. முடிக்கும் வினையே திணையை உணர்த்துகிறது. தனக்கெனப் பெயர் பெறுதலும், தாயாதலும், தந்தையாதலும் மக்களுக்கு மட்டும் உரியன என்று இலக்கணம் கருதியிருந்தால் விரவுப்பெயர் என்னும் வகைமையே தோன்றியிராது.

நன்னூலில் நேர்ந்த மாற்றம்

பொ.ஆ. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூல் இப்பகுப்பை வேறு தளத்துக்கு நகர்த்துகிறது. மக்கள், தேவர், நரகர் ஆகிய மூவரும் உயர்திணை. உயிருள்ளனவும் இல்லனவுமாகிய பிற அஃறிணை என்பது பவணந்தியாரின் வரையறை. சமண சமயம் உயிர்களுக்குக் கூறும் தேவகதி, மக்கள்கதி, விலங்குகதி, நரககதி என்னும் நான்கோடு இதனை ஒப்பிடுக. நான்கனுள் மூன்று உயர்திணையாயின. விலங்குகதி ஒன்றே உயிரற்ற பொருளோடு சேர்த்து வைக்கப்பட்டது. தொல்காப்பியத்தில் சொல்லளவில் இருந்த பகுப்பு, நன்னூலில் உயிரின் பிறப்பு வகை பற்றிய பகுப்பாக இறுகுகிறது. பிற்காலக் கல்வி மரபு நன்னூல் வழியே வளர்ந்தமையால், அஃறிணை என்றவுடன் ‘தாழ்ந்த உயிர்’ என்னும் எண்ணம் எழுவது இயல்பாயிற்று. இன்றைய ஆய்வாளர் தொல்காப்பியத்தின்மேல் ஏற்றிக் கூறும் குற்றச்சாட்டில் ஒரு பங்கு நன்னூலுக்கு உரியது.

நன்னூலும் முழுமையாக இறுகிவிடவில்லை. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணையும் பாலும் மயங்குவதை அது ஏற்கிறது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் வந்த வழுவமைதி. ஆயின் அதே விதி சினத்தாலும் இழிப்பாலும் மனிதரை அஃறிணையாக்குவதற்கும் வழிவிடுகிறது என்பதை உவப்பு எடுத்துக்காட்டில் மகிழ்வோர் மறந்துவிடுகின்றனர். பேடு என்று கூறப்பட்டோரை உயர்திணையாக வகுத்துவிட்டு, அஃறிணை போலவும் வழங்கலாம் என்று அந்நூலே இசைவு தருவதும் இங்கு நினைக்கத்தக்கது. தொல்காப்பியம் பேடியையும் தெய்வத்தையும் ஒரே நூற்பாவில் வைத்து இருவருக்கும் உயர்திணை ஈறே உரித்தென்றது. இடைப்பட்ட காலத்தில் தெய்வத்தின் இடம் உறுதிப்பட்டது; பேடியின் இடம் தளர்ந்தது. மனிதரல்லாதவற்றை விவரிக்கும் மொழி, மனிதருள் எவரை மனிதராகக் கொள்வது என்பதையும் தீர்மானிக்கிறது. ஆகவே இது விலங்கை விரும்புவோர்க்கு மட்டும் உரிய வினா அன்று.

அறிவு: ஆற்றலின் வரிசை

மரபியல் உயிர்களை வகுக்கும் அடிப்படை முற்றிலும் வேறு. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல், மனத்தால் உணர்தல் என அறிவுகள் ஒவ்வொன்றாக மிகும். புல்லும் மரமும் ஓரறிவின, நந்து முதலியன ஈரறிவின, சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நான்கறிவின, மாவும் மாக்களும் ஐயறிவின, மக்கள் ஆறறிவினர். மரபியலின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. அது பிற்சேர்க்கை எனக் கொண்டாலும் இங்குக் கூறப்படும் வேறுபாடு மாறாது.

இவ்வரிசையில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. முதலாவது, ஐந்தாம் நிலையில் விலங்கோடு ‘மாக்கள்’ நிற்பது. மனவுணர்வு இல்லாதாரை அச்சொல் குறிப்பதாக உரை கூறும். எனவே மனித உருவம் உடையோர் அனைவரும் ஆறாம் நிலையினர் அல்லர். இரண்டாவது, விலங்குகளுள் ஒருசாரனவற்றுக்கு ஆறாம் அறிவு உண்டு என்னும் கருத்தும் கிளி, குரங்கு போன்ற எடுத்துக்காட்டுகளும் மரபியலின் உரைமரபில் இடம்பெறுவது. ஆக, அறிவு வரிசையின் எல்லைக்கோடு உயர்திணை, அஃறிணை எல்லைக்கோட்டோடு பொருந்துவதில்லை. அது மனிதருள்ளும் ஊடுருவிச் செல்கிறது. விலங்கினுள்ளும் ஊடுருவிச் செல்கிறது.

இதனை உயிரியலின் முன்னோடி எனக் கொண்டாடுவது நூலுக்குச் செய்யும் நன்மையன்று. பெரும்பாலான எறும்பினங்களுக்குக் கண் உண்டு. நான்கறிவு என நிறுத்தப்பட்ட நண்டும் அதிர்வை உணரும். தவிர, புலன்களை இதே வரிசையில் அடுக்கி உயிர்களை வகுக்கும் முறை சமண நூல்களிலும் உள்ளது. சமணம் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றிலும் ஓரறிவு உயிரைக் காண, மரபியல் புல்லையும் மரத்தையும் மட்டுமே கூறுகிறது. இந்த ஒற்றுமையும் வேற்றுமையும் ஆராயத்தக்கன. ‘அன்றே சொன்னார்’ என்னும் பெருமிதமோ அந்த ஆராய்ச்சியின் வாயிலை அடைத்துவிடுகிறது.

மரபு: பெயரின் நுட்பம்

உயிர்களின் அடையாளம் மிகச் செறிவாகப் பதிவாகியுள்ள இடம் மரபுப் பெயர்களே. மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர் 9 கூறுகிறது. ஏறு, ஒருத்தல், களிறு, சேவல், இரலை, கலை, கடுவன் முதலாக ஆண்பாற் பெயர் 15. பேடை, பெட்டை, நாகு, மந்தி, பிணை, பிணவு, பிடி முதலாகப் பெண்பாற் பெயர் 13. சொல்லதிகாரத்தில் அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்னும் இரண்டே உண்டு. களிறும் வந்தது, பிடியும் வந்தது. வினையில் அழிந்துபோகும் ஆண், பெண் வேறுபாட்டைப் பெயர் காத்து நிற்கிறது. ஒரு தளத்தை மட்டும் கண்டு ‘தமிழ் விலங்குக்குப் பால் வேறுபாடு காட்டவில்லை’ எனக் கூறின் மற்றொரு தளம் அதனை மறுக்கும்.

இளமைப் பெயர்களின் பங்கீடு இன்னும் வியப்புக்குரியது. மக்களுக்கு உரியன குழவி, மகவு என்னும் இரண்டே. அவையும் மக்களுக்கு மட்டும் உரியன அல்ல. குழவி யானைக்கும் உண்டு, பசுவுக்கும் எருமைக்கும் உண்டு. மகவு குரங்குக்கும் உண்டு. பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் நான்கும் ஓரறிவுயிருக்கும் பொருந்தும் என்கிறது மரபியல். தென்னம்பிள்ளையும் வாழைக்கன்றும் இன்றும் பேச்சில் வாழ்கின்றன. மனிதனுக்கே உரிய இளமைப் பெயர் ஒன்றுகூட இல்லாத பட்டியல் அது. உயர்திணை என்னும் பெயரால் மனிதனைத் தனியே நிறுத்திய அதே நூல், பிறப்பின் தொடக்கத்தில் அவனை யானையோடும் குரங்கோடும் மரத்தோடும் ஒரே சொல்லுள் வைக்கிறது.

பாடலில் ஒரு சோதனை

இம்மூன்று தளங்களையும் பிரித்து நோக்குவதால் பாடலின் பொருள் தெளிவுறுமா என்பதற்குக் குறுந்தொகை 69ஆம் பாடல் தக்க சோதனை. கடுந்தோட் கரவீரனார் பாடிய இதில், இரவில் வரும் தலைவனிடம் தோழி வரவேண்டாம் என்கிறாள். அவனது நாட்டை விளிக்கும் அடையாக ஒரு நிகழ்ச்சி வருகிறது: ஆண் இறந்துபடவே, அதன் துணை கைம்மைத் துயரைத் தாங்காது, தொழில் பயிலாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்து, மலையினின்று பாய்ந்து உயிர் விடுகிறது.

வழக்கமான விளக்கம், தலைவனுக்கு இன்னல் நேரின் தலைவி வாழாள் என்னும் குறிப்பைக் கூறி நின்றுவிடும். விலங்கு அங்கு வெறும் கருவி. ஆயின் பெயர்களை நோக்குக. ஆண் ‘கலை’, பெண் ‘மந்தி’, இளையது ‘பறழ்’, சுற்றம் ‘கிளை’. மரபியல்படி கலை என்னும் பெயர் உழைமானுக்கும் முசுவுக்கும் உரியது. மந்தியோடு இணைந்து வருவதால் இங்கு முசுவைக் கருத இடமுண்டு. ‘குரங்கு’ என்று உரைநடைப்படுத்தியவுடன் அந்த இனக்குறிப்பு மறைந்துபோகிறது. பறழ் தொழில் பயிலாதது எனின், பயின்ற நிலை ஒன்று உண்டு, கற்பிக்கும் சுற்றம் உண்டு என்பது பெறப்படும். கைம்மை என்னும் சொல்லோ மக்கள் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது. மந்தியின் துயர் மெய்யெனக் கொள்ளப்பட்டாலன்றித் தோழியின் எச்சரிக்கைக்கு வலிமை இல்லை. உள்ளுறையின் ஆற்றலே விலங்கின் வாழ்வை மெய்யாக ஏற்பதில்தான் இருக்கிறது.

தொடரமைப்பு மற்றொரு செய்தியைத் தருகிறது. மந்தியின் செயல்கள் அனைத்தும் எச்சங்களாகவே வருகின்றன. இறுதிச் செயலும் தலைவனின் மலைச்சாரலுக்கு அடையாகும் பெயரெச்சம். எச்சத்துக்குத் திணை ஈறு இல்லை. ஆதலின் மந்தியின் கதை முழுவதிலும் அதனை அஃறிணை என்று காட்டும் வினைமுற்று ஒன்றேனும் இல்லை. அதே நேரத்தில், அதற்கெனத் தனி வாக்கியமும் இல்லை. ஒரு மனிதனின் நாட்டுக்கு அடைமொழியாகவே அதன் இறப்பு நிகழ்கிறது. மனிதனுக்குக் கீழ்ப்படுத்தும் தொடரமைப்பும், மனிதனுக்கு நிகராக்கும் சொல்லாட்சியும் ஒரே பாடலில் உள்ளன. ‘மனித மைய நோக்கு’ என்றோ ‘உயிர்நேயம்’ என்றோ ஒற்றை முத்திரை குத்தும் ஆய்வு, இவற்றுள் ஒன்றை மறைத்தே தன் முடிவை நிறுவ முடியும்.

இன்றைய தேவை

இவ்வேறுபாடு பழம்பாடல்களோடு நின்றுவிடுவதன்று. 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. அதே ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அமைந்தது. இவ்வுயிர்களைப் பற்றிப் பாடநூலும் அறிவிப்புப் பலகையும் செய்தியும் தமிழில் எழுதப்பட வேண்டும். கடற்பசு என்னும் பெயர் அவ்வுயிரை நிலத்துப் பசுவின் ஒப்புமையால் அறிமுகப்படுத்துகிறது. விலங்கியலின்படி அதன் நெருங்கிய உறவு பசுவன்று, யானையே. கடலோர மக்கள் வழங்கும் ‘ஆவுளியா’ எந்த ஒப்புமையும் இன்றி அவ்வுயிரை அதன் பெயராலேயே சுட்டுகிறது. அதன் இளையதைக் கன்று என்பதா, குட்டி என்பதா? விடை அகராதியில் அன்று, கடற்கரையில் உள்ளது. மரபு என்பது உயிரோடு பழகியோரின் வழக்கு. அந்த வழக்கைத் தொகுப்பது தமிழ்த் துறைகளின் பணி. சங்க இலக்கியப் புள்ளினங்களையும் செடிகொடிகளையும் அடையாளம் காண முயன்ற பி.எல். சாமியின் நூல்கள் இப்பணிக்கு முன்னோடிகள். அவ்வழியில் தொடர்ந்து சென்றோர் சிலரே.

சட்டத் துறையிலும் இவ்வினா எழுந்துள்ளது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் விலங்கின் வாழ்வையும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பின் பார்வைக்குள் கொணர்ந்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கொள்ள இசையவில்லை. 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இயற்கைக்கு உயிருள்ள நபருக்குரிய சட்டத் தகுதியை அறிவித்தது. கோயில் தெய்வம் சட்டத்தின்முன் ஓர் ஆளாகக் கருதப்படுவது நெடுங்கால வழக்கு. இத்தீர்ப்புகளைத் தமிழில் எழுதும்போது ‘நபர்’, ‘ஆள்’ என்னும் சொற்கள் தடையாகத் தோன்றுகின்றன. அவை மனிதரையே குறிப்பன என்பர். ஆயின் பொருள் ஒரு திணையிலும் முடிபு மற்றொரு திணையிலும் நிற்பதைத் தமிழ் இலக்கணம் என்றோ ஏற்றுக்கொண்டது. ‘அரசு ஆணையிட்டது’ என்று எழுதும் மொழிக்கு ‘ஆறு வழக்குத் தொடுத்தது’ என்று எழுதுவதில் இலக்கணத் தடை எதுவுமில்லை. உரிமை வழங்க வேண்டுமா என்பது சட்டத்தின் வினா. அதைச் சொல்லத் தமிழில் இடமில்லை என்பது காரணமாகாது.

ஆய்வேடுகளிலும் சில மாற்றங்கள் வேண்டும். கருப்பொருள்களை எண்ணிப் பட்டியலிடுவதோடு நில்லாமல், ஒவ்வோர் உயிரும் எந்தப் பெயரால் சுட்டப்படுகிறது, எந்த வினையால் முடிகிறது, எந்த ஆற்றல் அதற்கு ஏற்றப்படுகிறது என மூன்றையும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். களிறு, பிடி, குழவி என்று மூலம் பிரித்துக் கூறும் இடத்தில் ‘ஆண் யானை, பெண் யானை, யானைக்குட்டி’ என உரைநடைப்படுத்தி அமைதல் தவிர்க்கப்பட வேண்டும். இன்ன இனம் எனத் துணிய இயலாத அசுணம் போன்றவற்றை இன்றைய இனம் ஏதேனும் ஒன்றோடு வலிந்து பொருத்துவதும் கூடாது. பெயரறியா உயிர்க்குப் பொய்ப்பெயர் சூட்டுவதும் அதன் அடையாளத்தை அழிப்பதே.

அஃறிணை என்பது, மக்கள் அல்லாதவை எவை என்று மட்டுமே கூறும் எதிர்மறைச் சொல். அவை என்ன என்பதை அது கூறவில்லை; கூறவும் முற்படவில்லை. அதைக் கூறுவன பார்ப்பும் பறழும், கலையும் பிணையும் போன்ற சொற்கள். அவற்றைப் பயன்படுத்துவோர் குறையக் குறைய, எதிர்மறைச் சொல் ஒன்றே எஞ்சி நிற்கும். அப்போது, தமிழ் மனிதரல்லாத உயிர்களை அறிந்திலது என்னும் குற்றச்சாட்டு தொல்காப்பியத்துக்கு அன்றி, அதைப் படித்தும் பயன்கொள்ளாத ஆய்வுலகுக்கே உரியதாகும்.